ஜாக் ரஸ்ஸல், பார்சன் ரஸ்ஸல்: கால் நீளம் மட்டும்தானா வித்தியாசம்?

மூன்றாம்மாடி:

இரண்டு இடத்தில் நாய்க்குட்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒருவர் ஜாக் ரஸ்ஸல் டெரியர் என்கிறார், இன்னொருவர் பார்சன் ரஸ்ஸல் டெரியர் என்கிறார். இரண்டும் எட்டு வாரக் குட்டிகள். வெள்ளை உடம்பு, முகத்தில் பழுப்புத் திட்டு, மடிந்த காது. இரண்டையும் ஒரே பாயில் படுக்க வைத்தால் எது எதுவென்று எனக்குச் சொல்லத் தெரியாது. "ரெண்டும் ஒண்ணுதான் சார், இதுக்குக் கால் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்" என்று சிரிக்கிறார் அந்த இரண்டாமவர்.

வீட்டு நிலவரம்: மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு. பையனுக்கு 7 வயது, பெண்ணுக்கு 11. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கிழட்டுப் பூனை ஒன்றும் இருக்கிறது. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் அரை மணி நேரம் நான் நடப்பேன். சின்ன நாய் என்றால் சாதுவாகவும் இருக்கும், ஆகவே ஜாக் என்பது என் கணக்கு. சரியா? வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

அளவுகோல்:

கணக்கின் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தப்பு. முதல் பாதியை மட்டும் நான் சொல்கிறேன், குணத்தைப் பற்றிப் பேச இங்கே ஆள் இருக்கிறார்கள்.

பல நாட்டு நாய்ச் சங்கங்களின் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ வகுத்த அளவுப்படி ஜாக் ரஸ்ஸலின் தோள் உயரம் 25 முதல் 30 செ.மீ. பார்சனில் ஆண் 36 செ.மீ, பெண் 33 செ.மீ, இரண்டு செ.மீ கூடக் குறைய இருக்கலாம். எடைக்கு ஜாக்கில் ஓர் அழகான கணக்கு வைத்திருக்கிறார்கள்: 5 செ.மீ உயரத்துக்கு 1 கிலோ. 25 செ.மீ நாய் என்றால் 5 கிலோ, 30 என்றால் 6. பார்சன் பெரும்பாலும் 6 முதல் 8 கிலோவுக்குள் நிற்கும். எஃப்.சி.ஐ இரண்டையும் ஒரே பிரிவில்கூட வைக்கவில்லை. பார்சன் பெரிய, நடுத்தர டெரியர்களோடு. ஜாக் சிறிய டெரியர்களோடு.

ஆனால் உயரத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். பக்கவாட்டில் நின்று உடம்பின் வடிவத்தைப் பாருங்கள். பார்சன் ஏறக்குறைய சதுரம். ஜாக் தெளிவான நீள்சதுரம், உயரத்தைவிட உடம்பு நீளம். ஜாக்கில் மார்பின் அடிப்பகுதி, தோளுக்கும் தரைக்கும் நடுப்பாதியில் வரும். பார்சனின் மார்பு முழங்கைக்குக் கீழே இறங்கக் கூடாது, அதனால் கால்கள் இன்னும் நீளமாகத் தெரியும். கிட்டத்தட்ட மேசைக்கும் பெஞ்சுக்கும் உள்ள வித்தியாசம்.

எட்டு வாரத்தில் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. குட்டியை விட்டுவிட்டுத் தாயை அளங்கள். சுவரோரமாக நேராக நிறுத்தி, தோள் மேட்டின் மேல் ஒரு புத்தகத்தைப் படுக்கை வசமாக வைத்து, அது சுவரில் தொடும் இடத்தில் பென்சில் கோடு. தலை உயரத்தை அளக்காதீர்கள், முதல் தடவை எல்லாரும் அதைத்தான் செய்வார்கள்.

செம்பருத்தி:

இரண்டையும் வளர்த்தவள் நான். ஜாக் பதின்மூன்று வருஷம் எங்களோடு இருந்தாள், பார்சன் இப்போது ஆறாவது வயதில் என் காலடியில் படுத்திருக்கிறான். தம்பி, "சின்னது, ஆகவே சாது" என்ற அந்தக் கணக்கை இன்றே அழித்துவிடுங்கள். டெரியர் உலகத்தில் அது தலைகீழாகவும் போகும்.

எங்கள் ஜாக் ஐந்தரை கிலோதான். வீடு முழுக்க அவள் ராஜ்யம். அழைப்பு மணி அடிப்பதற்கு முன்பே, லிஃப்ட் நிற்கும் ஓசைக்கே குரைப்பு தொடங்கிவிடும். யார் வந்தாலும் முதலில் கணுக்காலைச் சோதனை போடுவாள். பந்து சோபாவுக்கு அடியில் போனால் தானும் அடியில் போய், எடுக்க முடியாவிட்டால் சோபாவின் அடித்துணியையே கிழித்துவிடுவாள். ஆனால் அரை மணி நேர ரகளைக்குப் பிறகு மடியில் வந்து சுருண்டால், அப்படி ஒரு சுகமான பாரம் வேறெதிலும் கிடையாது.

பார்சன் வேறு மாதிரி. வீட்டுக்குள் அவனால் தொல்லை குறைவு என்றே சொல்வேன். மணி அடித்தால் தலையைத் தூக்கிப் பார்ப்பான், இரண்டு குரைப்பு, முடிந்தது. வெளியே போய்விட்டால் கதை மாறும். அணில் ஒன்று மரத்தில் ஏறினால் இருபது நிமிஷம் அந்த மரத்தடியை விட்டு நகர மாட்டான். ஜாக் வேகமாக ஓடுவாள், களைப்பாள், திரும்பி வருவாள். இவன் ஓடிக்கொண்டே இருப்பான். அவிழ்த்து விட்டுக் கூப்பிட்டால் வருவான் என்று நம்புவதற்கு எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று. அந்த நம்பிக்கையும் அணில் இல்லாத இடத்தில் மட்டும்தான்.

அப்புறம் அம்மா விஷயம். இதை யாரும் சொல்வதில்லை. வயதானவர்களுக்குக் குட்டை நாய் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். என் மாமியார் இரண்டு முறை தடுக்கி விழப் பார்த்தது அந்தச் சின்ன ஜாக்கினால்தான். 27 செ.மீ உயரத்தில் ஓசையில்லாமல் காலுக்குக் குறுக்கே வரும் உருவம் கண்ணில் படாது. பார்சன் முழங்கால் பக்கம் தட்டுப்படுவான், நின்றுவிடலாம். ஆனால் வாரைப் பிடித்துக்கொண்டு வெளியே அழைத்துப் போவதென்றால் நேர் எதிர். எட்டு கிலோ நாய் பூனையைப் பார்த்துத் திடீரென்று பாய்ந்தால் எழுபது வயதுத் தோள்பட்டை தாங்காது. வீட்டுக்குள் எது ஆபத்து, வெளியே எது ஆபத்து என்று பிரித்துப் பாருங்கள்.

வளைதோண்டி:

செம்பருத்தி அக்கா எழுதியதை ரசித்தேன், ஆனால் ஒரு நாயையும் இன்னொரு நாயையும் ஒப்பிட்டுவிட்டு இனத்தின் மேல் பழி போடுகிறார். குணம் கால் நீளத்தில் இல்லை, பரம்பரையில் இருக்கிறது. அப்பன் அம்மா வேலை செய்த நாய்களா, நாய்க் காட்சிக்கு வளர்க்கப்பட்டவையா, அல்லது யாரோ குட்டி விற்பதற்காகச் சேர்த்துவிட்ட ஜோடியா? இதைக் கேட்காமல் ஜாக்கா பார்சனா என்று கேட்பதில் பாதிக்கு மேல் அர்த்தமில்லை.

இன்னொன்று. குட்டை நாய் நரி வளைக்குள் போவதற்காக, நெட்டை நாய் ஓடுவதற்காக என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். பாதி உண்மை. வளைக்குள் கால் ஒரு தடையே இல்லை, மடக்கிக்கொள்ளும். தடையாவது மார்பு. அதனால்தான் இரண்டு இனத்திலும் கையால் அளந்து பார்க்கும் வழக்கம் இருக்கிறது: தோளுக்குப் பின்னால் இரண்டு கையாலும் மார்பைச் சுற்றிப் பிடித்தால், சராசரி ஆளின் விரல்கள் கீழே சந்திக்க வேண்டும். ஜாக்குக்கு முழங்கைக்குப் பின்னால் சுற்றளவு 40 முதல் 43 செ.மீ என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். விலா எலும்பு அமுங்கிக் கொடுக்கவும் வேண்டும். நரியின் வளை அவ்வளவு குறுகல்.

நீளக் கால் தேவைப்பட்டது வளைக்கு வெளியே. நரி வேட்டையில் குதிரைகளும் வேட்டை நாய்க் கூட்டமும் மைல் கணக்கில் போகும்போது பின்தங்காமல் கூடவே ஓடி வர வேண்டும். நரி வளைக்குள் பதுங்கினால் உள்ளே போய்க் குரைத்து, நெருக்கி, வெளியே கிளப்ப வேண்டும். கொல்லக் கூடாது. கொன்றால் ஓட்டம் அங்கேயே முடிந்துவிடும். ஆகவே கேட்டது கோபக்கார நாயை இல்லை, பிடிவாதமான, வாய் ஓயாத நாயை. மனிதக் குரல் எட்டாத இருட்டுக்குள், யாரும் கட்டளையிடாமல் தானாக முடிவெடுக்கும் நாய். இப்போது உங்கள் சோபாவுக்கு அடியில் நடப்பது அதே வேலைதான், நரி மட்டும் இல்லை.

செம்பருத்தி:

பழி போடவில்லை தம்பி, பட்டதைச் சொன்னேன். பரம்பரை முக்கியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓட்டத்துக்காகவே நூறு வருஷத்துக்கு மேல் தேர்ந்தெடுத்த உடம்பு ஒன்று, அதைவிடக் குள்ளமாகத் தேர்ந்தெடுத்த உடம்பு ஒன்று. இரண்டும் ஒரே அளவு ஓட்டம் கேட்கும் என்று சொன்னால் நம்ப மாட்டேன்.

வளைதோண்டி:

அந்த ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் சாய்கிறேன். ஓட்டத்தின் தூரம் மாறும். மூளையின் வேகம் மாறாது. ஜாக்குக்கு நடை கொஞ்சம் குறைந்தால் சமாளிக்கலாம், வேலை குறைந்தால் சமாளிக்க முடியாது.

பழையகுறிப்பு:

மூன்றாம்மாடி அவர்களே, குட்டியின் பதிவுக் காகிதத்தைப் பார்க்கும் முன் பெயர்க் குழப்பத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான்.

இரண்டு இனத்துக்கும் மூலம் ஒரே பாதிரியார், ஜான் ரஸ்ஸல். 1795இல் இங்கிலாந்தின் டெவனில் பிறந்தவர், செல்லமாக ஜாக். பார்சன் என்றால் பாதிரியார். ஆக ஒரே மனிதரின் செல்லப் பெயர் ஒரு நாய்க்கும் உத்தியோகப் பெயர் இன்னொரு நாய்க்கும் போய்விட்டது. 1819இல் ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராக இருந்தபோது பால்காரர் ஒருவரிடம் வெள்ளைப் பெண் நாய் ஒன்றைப் பார்த்து அங்கேயே வாங்கிவிட்டார். டிரம்ப் என்று பெயர். கண்களின் மேலும் காதின் மேலும் வால் தொடங்கும் இடத்திலும் பழுப்புத் திட்டு, வளர்ந்த பெண் நரியின் உருவம். அதுதான் மூலத்தாய் என்பார்கள். 1873இல் நாய் இனங்களைப் பதிவு செய்யும் சங்கமான கென்னல் கிளப்பைத் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர், காட்சிகளில் நடுவராகவும் இருந்தார். ஆனால் தன் நாய்களைக் காட்சிக்குக் கொண்டு போகவில்லை. தொழில் தெரிந்த ஆள் என்று இந்த ஒன்றிலேயே எனக்கு அவர் மேல் மரியாதை. 1883இல் காலமானார்.

அவருக்குப் பின்னால் யார் வளர்த்த சின்ன வெள்ளை டெரியராக இருந்தாலும் அதற்கு ஜாக் ரஸ்ஸல் என்றே பெயர். குட்டை, நெட்டை, கலப்பு எல்லாம் அந்த ஒரே சொல்லுக்குள். பிரிட்டனின் கென்னல் கிளப் 1990இல் நெட்டை வகையைப் பார்சன் ஜாக் ரஸ்ஸல் என்று ஏற்றது, 1999இல் நடுவிலிருந்த ஜாக்கை எடுத்துவிட்டது. குட்டை வகையை ஒரு தனி இனமாக வளர்த்தெடுத்தது ஆஸ்திரேலியா. பிறந்த நாடான இங்கிலாந்தில் ஜாக் ரஸ்ஸலுக்கு கென்னல் கிளப் அங்கீகாரம் வந்தது 2016இல்தான்!

அமெரிக்காவில் இன்னும் வேடிக்கை. அங்கே ஏ.கே.சி, அதாவது அமெரிக்கன் கென்னல் கிளப், முதலில் ஜாக் ரஸ்ஸல் என்று பதிவு செய்தது நெட்டை நாயை. 2003இல் அதைப் பார்சன் என்று மாற்றினார்கள். குட்டை நாய்க்கு 2012இல் வெறும் ரஸ்ஸல் டெரியர் என்று பெயர் வைத்தார்கள். ஆகவே பழைய அமெரிக்கச் சான்றிதழில் தாத்தா பாட்டிக்கு ஜாக் ரஸ்ஸல் என்று இருந்தால், அது இன்றைய பார்சனாக இருக்கலாம். எந்த நாட்டுப் பதிவு, எந்த வருஷம் என்று பார்க்காமல் பெயரை நம்பாதீர்கள்.

ஊசிமருந்து:

கால்நடை மருத்துவமனையில் வேலை. இரண்டு இனத்துக்கும் பொதுவாக மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்.

கண் முதலில். லென்ஸ் தன் இடத்திலிருந்து நழுவும் பரம்பரை நோய் இந்த இரண்டு இனத்திலும் உண்டு. நழுவிய லென்ஸ் கண்ணுக்குள் அழுத்தத்தை ஏற்றினால் பார்வை சீக்கிரம் போய்விடும், வலியும் கடுமை. தாய் தந்தைக்கு மரபணுச் சோதனை செய்து தெரிந்துகொள்ளலாம். செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள், தாளைக் கண்ணால் பாருங்கள். இரண்டாவது காது. வெள்ளை அதிகமுள்ள நாய்களில் பிறவிச் செவிடு வரலாம். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி சாதாரணமாகவே நடந்துகொள்ளும், வீட்டில் கைதட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கென்று மின்முனை வைத்து எடுக்கும் செவிச் சோதனை இருக்கிறது. மூன்றாவது முழங்கால் சில்லு நழுவுவது. ஓடும்போது பின்னங்கால் ஒன்றை இரண்டடிக்குத் தூக்கிக்கொண்டு, பிறகு ஒன்றும் நடக்காதது போல் ஓடும். எல்லாரும் அழகு என்று வீடியோ எடுக்கிறார்கள். அழகு இல்லை, டாக்டரிடம் காட்டுங்கள்.

ஜாக்கில் கவனிக்க ஒன்று கூடுதலாக உண்டு. குட்டைக் கால் என்றால் வளைந்த கால் என்று அர்த்தமில்லை. முழங்கையிலிருந்து விரல்வரை எலும்பு நேராக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. முன்னங்கால் பாதங்கள் வெளியே திரும்பி, முட்டி உள்ளே வளைந்திருந்தால் "இந்த இனமே இப்படித்தான்" என்று சொல்வார்கள். நம்ப வேண்டாம்.

எடையும் பாருங்கள். ஆறு கிலோ நாய்க்கு ஒரு கிலோ கூடுவது, அறுபது கிலோ ஆள் எழுபது கிலோ ஆவது மாதிரி. பொதுவாக நீண்ட ஆயுள் உள்ள நாய்கள் இவை. லண்டனின் ராயல் வெட்டரினரி காலேஜ் ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆயுள் அட்டவணையில் ஜாக் ரஸ்ஸல்தான் முதலிடம், பிறக்கும்போது எதிர்பார்க்கும் ஆயுள் 12.7 வருஷம். உங்கள் மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போகும்வரை கூட இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம்மாடி:

எல்லாருக்கும் நன்றி. தலை சுற்றுகிறது, ஆனால் நல்ல சுற்றல். பூனையைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே? அப்புறம் பையன். அவனுக்கு நாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டே தூங்க வேண்டுமாம்.

வளைதோண்டி:

பூனையைப் பற்றிப் பேசாததற்குக் காரணம் நல்ல செய்தி இல்லாததுதான். பூனையோடு குட்டியிலிருந்தே வளர்ந்தால் வீட்டுப் பூனையைக் குடும்பத்தில் ஒருத்தியாக ஏற்றுக்கொள்ளும் டெரியர்கள் உண்டு. அதே நாய் பக்கத்து வீட்டுப் பூனையைத் துரத்தும், அதில் அதற்கு எந்த முரண்பாடும் தெரியாது. உங்கள் பூனை கிழடு என்கிறீர்கள். ஓடாத பூனைக்கு ஆபத்து குறைவு, ஓட்டம்தான் இவற்றின் கண்ணில் விளக்கேற்றும். பூனைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் ஒரு இடம், நாய் நுழைய முடியாத ஒரு அறை, இரண்டும் முதல் நாளே தயாராக இருக்கட்டும். உயரம் என்றதும் ஜாக்கைக் குறைத்து எண்ணாதீர்கள். தன் உயரத்தைப் போல மூன்று மடங்கு தாவும் நாய் அது, சாப்பாட்டு மேசைமேல் நின்றுகொண்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். வெள்ளெலி, கிளி என்று ஏதாவது வைத்திருந்தால் இந்த இரண்டு இனமும் வேண்டாம்.

செம்பருத்தி:

பையனுக்கு நான் சொல்கிறேன். இந்த நாய்கள் குழந்தைகளோடு நன்றாக விளையாடும், ஆனால் பொம்மையாக இருக்கச் சம்மதிக்காது. இழுப்பதை, அழுத்துவதை, தூக்கத்தில் கட்டிப்பிடிப்பதை லாப்ரடார் பொறுக்கலாம், டெரியர் எச்சரிக்கை கொடுக்கும். முதலில் உடம்பு விறைக்கும், பிறகு உதடு தூக்கும், பிறகு உறுமும். உறுமினால் திட்டாதீர்கள். திட்டினால் உறுமலை மட்டும் நிறுத்திக்கொண்டு நேராகப் பல்லுக்குப் போகும். எங்கள் ஜாக்கிடம் பந்தைப் பிடுங்க என் மகன் ஒரு முறை போய் விரலில் ரத்தம் வந்தது. தப்பு நாயிடம் இல்லை, பந்துக்குப் பதில் வேறொன்றைக் கொடுத்து வாங்கவேண்டும் என்று அவனுக்கு நாங்கள் கற்றுக்கொடுக்கவில்லை. பார்சனிடம் இந்த உடைமைப் பிடிவாதம் குறைவு. வளைதோண்டி உடனே பரம்பரை என்பார், சரி, அப்படியே இருக்கட்டும்.

ஏழு வயதுப் பையனுக்கு அளவிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஜாக்கைத் தூக்கிவிட முடியும். தூக்க முடியும் என்பதுதான் பிரச்சினை. நெளிந்து கீழே விழும், பையன் பயந்து இறுக்கிப் பிடிப்பான், அடுத்தது உங்களுக்கே தெரியும். பார்சனைத் தூக்க அவனுக்கு ஆசை வராது.

பந்துபொறுக்கி:

எல்லாரும் பயமுறுத்துகிறீர்கள். என் ஜாக்குக்கு நான் கொடுப்பது காலை நாற்பது நிமிஷ நடை, மாலை இருபது நிமிஷம். மீதியெல்லாம் மூக்கு வேலை. தீனியைத் தட்டில் வைப்பதே இல்லை, பழைய துணிக்குள் சுருட்டி, அட்டைப் பெட்டிக்குள் பெட்டி வைத்து ஒளித்துவிடுவேன். தேடிக் கிழித்துத் தின்றுவிட்டு மூன்று மணி நேரம் தூங்கும். பால்கனியில் மணல் போட்ட பெரிய தொட்டி ஒன்று, அதில் மட்டும் தோண்டலாம். செடித் தொட்டிகள் பிழைத்தன. ஒன்றரை மணி நேரம் நடக்கத் தயாராக இருப்பவர் ஏன் பயப்பட வேண்டும்?

அளவுகோல்:

பந்தை மட்டும் அரை மணி நேரம் எறிந்துகொண்டே இருக்காதீர்கள் என்றும் சேர்த்துக்கொள்ளலாம். களைப்பு வராது, வெறிதான் ஏறும்.

மூன்றாம்மாடி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். புத்தகமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போனேன். என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள்.

பார்சன் என்று சொன்னவரிடம் தாயை நிறுத்தி அளந்தேன்: 29 செ.மீ. உடம்பு நீள்சதுரம். பெஞ்ச்! தந்தை "வேற இடத்துல இருக்கு சார்". கண் சோதனைத் தாள் கேட்டதும் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. பார்சன் என்றால் அபூர்வம் என்று நினைத்து வாங்குவார்கள் என்பதற்காகவே அந்தப் பெயர் என்று நினைக்கிறேன். ஜாக் என்று சொன்னவரிடம் எல்லாத் தாளும் இருந்தது, தாய் 27 செ.மீ, கால் நேர். அவரே கேட்டார், வீட்டில் யார் யார் என்று. சொன்னேன். குட்டி வேண்டாம் என்று அவரே தடுத்துவிட்டார். அவரிடமே குட்டி போடுவதிலிருந்து ஓய்வு கொடுத்த நான்கு வயதுப் பெண் ஜாக் ஒன்று இருந்தது, பூனைகளோடு வளர்ந்தது. அதைப் பத்து நாள் வைத்துப் பாருங்கள், ஒத்து வராவிட்டால் திருப்பிக் கொடுங்கள் என்றார்.

பத்து நாள் நேற்றோடு முடிந்தது. 28 செ.மீ, 6.3 கிலோ, கொஞ்சம் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கழுத்துப் பட்டையில் சின்ன மணி கட்டியிருக்கிறோம், அம்மா தடுக்கி விழாமல் இருக்க. பூனை அலமாரி மேல் இருந்து முறைக்கிறது, இது கீழே உட்கார்ந்து முறைக்கிறது. பையன் பந்துக்குப் பதில் கொடுக்க எப்போதும் பையில் ஒரு பழைய சாக்ஸ் வைத்துக்கொண்டு அலைகிறான்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். லிஃப்ட் ஓசைக்குக் குரைக்கிறது. எங்கள் மாடியில் நிற்கும்போது மட்டும்.

செம்பருத்தி:

வாழ்த்துகள் தம்பி. நிற்கும் மாடியை எண்ணத் தெரிந்துவிட்டது பாருங்கள்.

லிஃப்ட் வரும் சத்தம் கேட்டதும், குரைப்பதற்கு முன்னால், கதவிலிருந்து எட்டத் தரையில் நாலு தீனித் துண்டுகளை விசிறிப் போடுங்கள். குரைத்த பிறகு போட்டால் குரைத்ததற்குக் கூலி ஆகிவிடும். குடும்பத்தில் எல்லாரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும், ஒரு மாதம் பிடிக்கும். அந்தத் தீனியை அன்றைய சாப்பாட்டிலிருந்து கழித்துவிடுங்கள், ஏற்கெனவே 6.3.